ஒற்றைக் காதும் பன்னிரண்டு ஒலிபெருக்கிகளும்

1

ராக் இசையின் பழைய ஆல்பங்களை எடுத்து, சரவுண்ட் ஒலியில் மறுகலவை செய்து, புதிதாக வெளியிடுவது மேற்கே ஒரு தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு வெளியீட்டோடும் ஒரு வாசகம் தவறாமல் வருகிறது: இப்போதுதான் நீங்கள் இதை உண்மையாகக் கேட்கப்போகிறீர்கள். விளம்பரக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தவரை நான் இதைப் பொருட்படுத்தவில்லை. பற்பசைக்கும் இதே பாஷைதான். ஆனால் கொஞ்ச காலமாகக் கவிதை எழுதுகிறவர்கள், விமர்சனம் எழுதுகிறவர்கள், உருவம் என்றால் என்ன என்று மணிக்கணக்கில் என்னோடு சண்டை போட்டவர்கள், இந்த வாசகத்தைத் தங்கள் சொந்த அனுபவம்போலச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

2025 ஜூன் 11ஆம் தேதி பிரையன் வில்சன் இறந்தார். அதற்குப் பிறகு நம்மவர்களில் சிலர் பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தைத் தேடிப் போனார்கள். அவர்கள் கைக்கு முதலில் வந்து சேர்ந்தது 2023இல் வெளியான டால்பி அட்மாஸ் கலவை. "இத்தனை நாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்து காட்டிவிட்டார்கள்" என்றார் ஒரு நண்பர். அவர் நல்ல கவிஞர். தன் கவிதையில் ஒரு வரியை இன்னொருவர் நகர்த்தி வைத்தால் பத்திரிகைக்கு எழுதுவதையே நிறுத்திவிடக்கூடியவர். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நான் சொல்ல வருவது எளிய விஷயம். ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான இசையைப் பொறுத்தவரை, கலவைதான் படைப்பு. நாடாவில் தனித்தனித் தடங்களாகக் கிடப்பது அதற்கான கச்சாப் பொருள். 'பெட் சவுண்ட்ஸ்' போன்ற ஒரு ஆல்பத்தைப் பிரித்து அறை முழுக்கப் பரப்பி வைக்கும்போது நமக்குக் கிடைப்பது அந்த ஆல்பத்தின் உண்மையான வடிவம் என்று சொல்வது, உருவம் பற்றி நாம் இதுவரை பேசிவந்த எல்லாவற்றையும் கைவிடுவதாகும். இசையில் கைவிட்டதைக் கவிதையில் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2

'பெட் சவுண்ட்ஸ்' 1966 மே 16 அன்று அமெரிக்காவில் வெளிவந்தது. 13 பாடல்கள், சுமார் 36 நிமிஷம். வில்சனுக்கு அப்போது வயது 23. குழுவின் மற்றவர்கள் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருக்க, இவர் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில், சம்பளத்துக்கு வாசிக்கும் தேர்ந்த வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு பாடல்களின் வாத்தியப் பகுதியை முடித்துக்கொண்டிருந்தார். பெரும்பாலும் எல்லோரும் ஒரே அறையில் ஒரே சமயத்தில் வாசித்தார்கள். அது மூன்று அல்லது நான்கு தடங்கள் கொண்ட நாடாவில் பதிவாயிற்று. பிறகு அதைச் சுருக்கி, இன்னொரு நாடாவின் ஒற்றைத் தடத்தில் ஏற்றி, மிச்சத் தடங்களில் குரல்களைச் சேர்த்தார். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி மோனோவில் முடித்தார். ஒரு ஒலிபெருக்கி போதும். கார் ரேடியோ போதும்.

வில்சனுக்கு வலது காது அநேகமாகக் கேட்காது. சின்ன வயதிலிருந்தே அப்படி. இடம் வலம் என்று ஒலி பிரிந்து வருவதென்பது அவருடைய புலனனுபவத்திலேயே கிடையாது. இதை ஒரு குறையாக வைத்துக்கொண்டு, 'பாவம், அவரால் முடியாமல் போயிற்று, இன்றைய விஞ்ஞானம் செய்து கொடுக்கிறது' என்று பேசுகிற ரசிகர்களைப் பார்க்கிறேன். ஒற்றைக் காது அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதைக் கேட்டுப் பார்க்க இவர்களுக்குத் தோன்றவில்லை. இடத்தால் ஒலிகளைப் பிரித்து வைக்க வழியில்லாதவன், ஒலிகளைச் சேர்ப்பதில்தான் தன் முழுக் கவனத்தையும் செலுத்துவான். வில்சன் செய்தது அதுதான்.

ஃபில் ஸ்பெக்டர் என்கிற தயாரிப்பாளரிடமிருந்து அவர் ஒரு முறையைக் கற்றுக்கொண்டார். இரண்டு வாத்தியங்கள் ஒரே சுரத்தை வாசிக்கும்போது, சரியான விகிதத்தில் கலந்தால், அது இரண்டில் எதுவுமாக இல்லாமல் மூன்றாவது ஒலி ஒன்றாகிவிடும். அதற்குப் பெயர் கிடையாது. எந்த வாத்தியக்காரனும் அதைத் தனியாக வாசித்துக் காட்ட முடியாது. ஸ்பெக்டர் இதைப் பிரம்மாண்டத்துக்குப் பயன்படுத்தினார். சத்தத்தால் ஒரு சுவரையே எழுப்பினார். வில்சன் அதே முறையை வைத்துக்கொண்டு கூச்சத்தையும் தயக்கத்தையும் எழுதினார். 'யூ ஸ்டில் பிலீவ் இன் மீ' பாடலின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். பாடலாசிரியர் டோனி ஆஷர் பியானோவுக்குள்ளே குனிந்து தந்திகளை மீட்ட, வில்சன் வெளியே அந்தந்தச் சுரத்துக்கான கட்டைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தத் தந்தியொலி போகிற வழியிலேயே ஒரு குரலும் போகிறது. மோனோவில் கேட்கும்போது, பியானோ பாடுகிறதா, மனிதன் தந்தியாக அதிர்கிறானா என்று சொல்ல முடிவதில்லை. தன்னை இன்னும் நம்புகிற ஒருத்தியின் முன்னால் வெட்கப்பட்டு நிற்கிறவனின் பாட்டு அது. இன்னும் முழுக் குரலாக ஆகாத ஒரு குரலில்தான் அது தொடங்க முடியும்.

'வுடன்ட் இட் பி நைஸ்' பாடலில் இரண்டு அக்கார்டியன்கள் இருக்கின்றன. மோனோவில் அக்கார்டியன் என்று காது தனியே கண்டுகொள்வதில்லை. பாட்டுக்கு அடியில் ஏதோ ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டே இருப்பதுபோல் ஒரு பதற்றம். பதினெட்டு வயதின் அவசரம் அது. யார் வாசிக்கிறார்கள், எதில் வாசிக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் இந்தப் பதற்றம் அக்கார்டியனாகிவிடும்.

3

அட்மாஸ் கலவையை நான் கேட்டது ஒலிச்சாதனங்கள் விற்கும் கடை ஒன்றின் கண்ணாடி அறையில். நடுவே ஒரே ஒரு நாற்காலி. சுற்றிலும் ஏழு ஒலிபெருக்கிகள், தலைக்கு மேல் நான்கு, கீழ்ஸ்தாயிக்கென்று தனியாக ஒன்று. கலவை செய்தவர் ஜைல்ஸ் மார்ட்டின். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன். அவருடைய கைத்திறனில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. குரல்கள் விரிந்து நிற்கின்றன. ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்திருந்த வாத்தியங்கள் தங்கள் இடத்தில் தங்கள் பெயரோடு நிற்கின்றன. இதில் ஒரு சுகம் இருக்கிறது. தெரிந்தவர் வீட்டுச் சமையலறைக்குள் போய்ப் பார்க்கிற சுகம்.

ஆனால் மூன்றாவது ஒலி இல்லை. அக்கார்டியன் அக்கார்டியனாக இருக்கிறது. உவமையைப் பிரித்து உவமானத்தை ஒரு மூலையிலும் உவமேயத்தை இன்னொரு மூலையிலும் நிறுத்திவிட்டு, 'இப்போது இரண்டும் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன பாருங்கள்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? தெளிவாகத்தான் தெரியும். உவமைதான் போய்விட்டிருக்கும்.

'மூல நாடாவிலிருந்து எடுத்தது' என்பது இவர்களின் பெரிய வாதம். மூலம் என்ற சொல்லுக்கு நம்மிடையே ஒரு பக்தி உண்டு. சுவடி தேடி அலைந்த மரபு நம்முடையது. ஆனால் பலதட நாடா சுவடி அல்ல. 1997இல் 'பெட் சவுண்ட்ஸ்' முதல் தடவையாக முழு ஸ்டீரியோவில் வந்தபோதே இது வெளிப்பட்டுவிட்டது. மார்க் லினெட் என்ற ஒலிப்பொறியாளர் நாடாக்களை ஒன்றோடொன்று பொருத்தி உழைத்துச் செய்த கலவை அது. அதில் 'வுடன்ட் இட் பி நைஸ்' பாடலின் நடுப்பகுதியில் மைக் லவின் குரலுக்குப் பதிலாக வில்சனின் குரல் வந்தது. 'யூ ஸ்டில் பிலீவ் இன் மீ' பாடலில் இரட்டையாக ஒலித்த குரல் ஒற்றையாக வந்தது. காரணம், நாடாவில் அவை இல்லை. 1966இல் கடைசிக் கலவை நடந்துகொண்டிருக்கும்போதே நேராகப் பாடிச் சேர்க்கப்பட்ட குரல்கள் அவை. அதாவது, கலவை என்பது எல்லாம் முடிந்தபின் செய்த தொழில்நுட்ப வேலையாக இருக்கவில்லை. அந்த நிமிஷம்வரை வில்சன் எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதி முடித்த இடம் மோனோத் தட்டு ஒன்றுதான்.

எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' 1922இல் வந்தது. எஸ்ரா பவுண்ட் அதன் கைப்பிரதியில் என்னென்ன அடித்தார் என்பது, வலெரி எலியட் 1971இல் வெளியிட்ட நிழற்படப் பதிப்பினால் உலகத்துக்குத் தெரிந்தது. அடித்த வரிகளில் சில நல்ல வரிகள்தாம். அந்தப் புத்தகத்தைப் படித்த யாரும், அடித்த வரிகளைத் திரும்பச் சேர்த்து, 'இதோ முழுக் கவிதை, இப்போதுதான் நீங்கள் இதை உண்மையாக வாசிக்கிறீர்கள்' என்று அச்சடிக்கவில்லை. பட்டறையைப் பார்ப்பது வேறு, பொருளைப் பார்ப்பது வேறு என்கிற குறைந்தபட்ச விவேகம் அங்கே இருந்தது. 'பெட் சவுண்ட்ஸ்' ஒத்திகைகளும் தனிக் குரல்களும் அடங்கிய தொகுப்பு 1997இல் வந்ததே, அதை நான் வரவேற்கிறேன். அது நிழற்படப் பதிப்பு. அட்மாஸ் கலவை அப்படியல்ல. அது கவிதையின் இடத்தில் வந்து உட்காருகிறது.

4

எதிர்வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் வசதி இல்லை, இருந்திருந்தால் அவர்களே செய்திருப்பார்கள் என்பது முதலாவது. இது சரித்திரம் தெரியாமல் பேசுவது. 1966இல் ஸ்டீரியோத் தட்டு சாதாரணமாகக் கடையில் கிடைத்தது. வில்சன் மோனோவைத் தெரிந்தே எடுத்துக்கொண்டார். கேட்கிறவன் வீட்டில் ஒலிபெருக்கிகளை எப்படி வைத்திருந்தாலும் தான் கேட்ட அதே விகிதம் அவனுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் நியாயம். பீட்டில்ஸும் அப்படித்தான். 1967இல் 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தின் மோனோக் கலவைக்கு நால்வரும் கூட இருந்து நேரம் செலவழித்தார்கள். ஸ்டீரியோக் கலவையைத் தயாரிப்பாளரிடமும் பொறியாளரிடமும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 'ஷி இஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமாகவும் சற்று உயர்ந்த சுருதியிலும் ஓடுகிறது. ஸ்டீரியோவில் மட்டும் கேட்டவர்கள் இத்தனை வருஷமாக வேறொரு பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள். 2017இல் அந்த ஆல்பத்தை மறுகலவை செய்தபோது ஜைல்ஸ் மார்ட்டின் மோனோவையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். எங்கே தீர்மானம் நிகழ்ந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வில்சனே சம்மதித்தாரே என்பது இரண்டாவது. ஆம், 1997 ஸ்டீரியோக் கலவைக்கு அவர் சம்மதம் இருந்தது. முப்பது வருஷம் கழித்து ஒருவர் தரும் சம்மதம் சட்டத்துக்குப் போதும். விமர்சனத்துக்குப் போதாது. அதுவும், ஒற்றைக் காதால் உணரவே முடியாத ஒரு வடிவத்துக்குத் தந்த சம்மதத்தை ரசனையின் சான்றாகக் காட்டுவது நியாயமில்லை.

மறுகலவை ஒரு உரை, ஒரு மொழிபெயர்ப்பு என்பது மூன்றாவது. இதைச் சொன்னவர் நாம் எல்லோரும் மதிக்கிற ஒரு மொழிபெயர்ப்பாளர். அவருக்கு என் பதில்: பரிமேலழகர் வைப்புமுறையை மாற்றினார், பாடம் தேர்ந்துகொண்டார் என்றெல்லாம் அவர்மேல் சண்டை உண்டு. ஆனாலும் குறளை மேலே எழுதிவிட்டுத்தான் உரையைக் கீழே எழுதினார். குறளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உரையை வைத்து, அதையே குறள் என்று கொடுக்கவில்லை. மொழிபெயர்ப்புக்கும் அட்டையில் இரண்டு பெயர்கள் உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை. அதே அட்டைப் படம், ஆட்டுக்குத் தீனி கொடுக்கும் அதே பீச் பாய்ஸ், அதே தலைப்பு. அட்மாஸுக்கு ஏற்ற சாதனம் உங்களிடம் இருந்தால், நீங்கள் கேட்காமலே அட்மாஸ் வடிவம் ஓடும்படி பாட்டுச் சேவையில் அமைத்து வைத்திருக்கிறார்கள். உரை வேண்டாம், மூலம் போதும் என்கிறவன்தான் சிரமப்பட்டு அமைப்புகளுக்குள் போய் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான்காவது வாதம் கனமானது. ஒலியை இடத்தில் பரப்புவதே ஒரு கலை அல்லவா? சந்தேகமில்லை. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸின் சான் மார்க்கோ ஆலயத்தில் கப்ரியேலி, எதிரெதிர் மாடங்களில் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் நிறுத்தி ஒருவருக்கொருவர் பதில் சொல்லும்படி இசை எழுதினார். 1956இல் ஸ்டாக்ஹவுசன் ஒரு சிறுவனின் குரலையும் மின்னணு ஒலிகளையும் கேட்பவர்களைச் சுற்றி ஐந்து ஒலிபெருக்கித் தொகுதிகளில் சுழலவிட்டார். (இந்த ஸ்டாக்ஹவுசனின் முகம் 'சார்ஜண்ட் பெப்பர்' அட்டையில் கூட்டத்தோடு கூட்டமாக இருக்கிறது.) 1958இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் எட்கார் வரேஸின் இசை, ஒரு கூடாரத்தின் சுவர் முழுக்கப் பதித்த நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகளின் வழியே நகர்ந்தது. இவர்களுக்கு இடம் என்பது சுரத்தைப்போல, தாளத்தைப்போல இசையின் ஒரு உறுப்பு. எழுதும்போதே அதை எழுதினார்கள்.

ராக் இசையிலும் இதற்கு உதாரணம் உண்டு. பிங்க் ஃப்ளாய்ட் குழு 1967 மே 12இல் லண்டன் குயீன் எலிசபெத் அரங்கில், கைப்பிடியைத் திருப்பினால் ஒலி அரங்கைச் சுற்றிவரும் ஒரு சாதனத்தை வைத்துக்கொண்டு கச்சேரி செய்தது. 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973இல் தட்டாக வருவதற்கு ஒரு வருஷம் முன்பே, 1972இல், சுற்றிலும் ஒலிபெருக்கிகள் வைத்த அரங்குகளில் வாசிக்கப்பட்டது. ஆலன் பார்சன்ஸின் நான்கு ஒலிபெருக்கிக் கலவை 1973இலேயே வந்தது. ஜேம்ஸ் கத்ரியின் 5.1 கலவை 2003இலும், அட்மாஸ் கலவை 2023இலும் வந்தன. 'மணி' பாடலின் தொடக்கத்தில் நாணயங்களும் கல்லாப்பெட்டியும் கிழியும் காகிதமும் ஏழு அட்சர வட்டமாகச் சுழல்கின்றன. வெட்டி ஒட்டிய ஒரு நாடாத் துண்டை வளையமாக்கி ஓடவிட்டுச் செய்தது. அந்த ஒலிகள் அறையின் மூலைக்கொன்றாகத் தாவும்போது எனக்கு ஆட்சேபம் எதுவும் எழவில்லை. அவை ஒன்றாகக் கரைய வேண்டிய ஒலிகள் அல்ல, சுற்றிவருவதற்காகவே செய்யப்பட்டவை. ஆகவே சரவுண்ட் என்கிற சாதனத்தின்மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. இடம் படைப்புக்குள்ளே இருந்ததா, பின்னால் வந்தவர்கள் கொண்டுவந்து சேர்த்தார்களா என்பதே கேள்வி.

ஜெத்ரோ டல்லின் 'அக்வலங்' (1971) போன்றவற்றையும் நான் மறக்கவில்லை. புதிதாகத் திறந்த கூடத்தில் பல தொல்லைகளுக்கிடையே பதிவான ஆல்பம் அது. அதன் ஒலி இயன் ஆண்டர்சனுக்கே திருப்தி தரவில்லை. 2011இல் ஸ்டீவன் வில்சன் செய்த மறுகலவையில் அது தெளிந்தது. இது அச்சுப்பிழைத் திருத்தம். அச்சுப்பிழையைத் திருத்த உரிமை உண்டு என்பதால், பிழையில்லாத வரியையும் திருத்தலாம் என்று ஆகிவிடாது.

5

பலதட நாடா இருந்தால்தான் மறுகலவை செய்ய முடியும் என்கிற எல்லையும் இப்போது போய்விட்டது. பீட்டில்ஸின் 'ரிவால்வர்' 1966இல் நான்கு தட நாடாவில் பதிவானது. 'டாக்ஸ்மேன்' பாடலில் கிதாரும் பாஸும் டிரம்ஸும் ஒரே தடத்தில் ஒன்றாகக் கிடந்தன. பீட்டர் ஜாக்சன் தன் ஆவணப்படத்துக்காக உருவாக்கிய கணிப்பொறி முறை ஒன்றை வைத்து, 2022இல் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள். ஒரே அறையில், ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் விழ, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மூவர் வாசித்ததை, ஒருவரை ஒருவர் அறியாத மூவராக ஆக்க முடியும் என்று நிரூபித்தாயிற்று. விஞ்ஞானமாக இது வியப்பானதுதான். இதற்குப் பிறகு, நாடா தொலைந்துபோனதாலாவது ஒரு பழைய தட்டு பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

இவ்வளவும் யாருக்காக? நான் வேலை பார்ப்பது வங்கியில். அழகியல் வாதம் ஒன்று திடீரென்று எல்லோர் வாயிலும் ஒரே மாதிரி வந்தால் பேரேட்டைப் பார்க்கத் தோன்றும். ஆப்பிள் நிறுவனம் 2021 ஜூனில் தன் பாட்டுச் சேவையில் அட்மாஸைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரியிலிருந்து, அட்மாஸ் வடிவமும் உள்ள பாடல்களுக்கு உரிமைத்தொகை 10 சதவீதம் வரை அதிகம் என்று அறிவித்தது. கணக்கு எப்படி என்றால், அப்படிப்பட்ட பாட்டு ஒரு தடவை ஒலித்தால் அது 1 அல்ல, 1.1. கேட்டவன் அட்மாஸில் கேட்டானா, சாதாரண ஸ்டீரியோவில் கேட்டானா என்பது கணக்கில் வராது. வடிவம் கையிருப்பில் இருந்தால் போதும். ஆக, ஒருவரும் கேட்காவிட்டாலும் மறுகலவை லாபம். பழைய ஆல்பங்கள் இப்படி வரிசையாக 'உண்மை'யாகிக்கொண்டு வருவதன் பின்னால் இந்த 0.1 இருக்கிறது.

இது புதிதும் அல்ல. 1966லேயே கேபிடல் நிறுவனம் இதே 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை 'டுவோஃபோனிக்' என்ற பெயரில் போலி ஸ்டீரியோவாகவும் விற்றது. மோனோவை எடுத்து, கீழ்ஸ்தாயியை ஒரு பக்கமும் மேல்ஸ்தாயியை மறுபக்கமுமாக ஒதுக்கிச் செய்த கண்கட்டு வித்தை. எழுபதுகளில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல நான்கு ஒலிபெருக்கி முறைகள் வந்து, வாங்கியவர்களை ஏமாற்றிவிட்டு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் செத்தன. அப்போது விற்றவர்களும் இதே வாசகத்தைத்தான் சொன்னார்கள். ஒரு வித்தியாசம்: அன்று விமர்சகர்கள் கூடச் சேர்ந்து சொல்லவில்லை.

இன்னொரு வேடிக்கை. அட்மாஸில் கேட்பதாகச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் பன்னிரண்டு ஒலிபெருக்கிகள் இருக்கின்றன? நம் நண்பர்களில் ஒருவர் வீட்டிலும் இல்லை. எல்லோரும் ஹெட்போனில் கேட்கிறார்கள். காதுக்கு ஒன்றாக இரண்டே ஒலிபெருக்கிகள். மிச்சப் பத்தும் கணக்குப் போட்டு உண்டாக்கிய பாவனை. இல்லாத அறையின் இல்லாத மூலையிலிருந்து ஒரு குரல் வருவதாக நம்பிக்கொண்டு, இதைத்தான் 'உண்மையாகக் கேட்பது' என்கிறார்கள்.

6

என்னை உண்மையில் தொந்தரவு செய்வது அந்த நாற்காலி. அறையின் நடுவே போடப்பட்ட ஒற்றை நாற்காலி. ஒலி எல்லாத் திசையிலிருந்தும் உட்கார்ந்திருக்கிறவனை நோக்கி வருகிறது. அவன்தான் மையம். அவன் தலையைத் திருப்ப வேண்டியதில்லை, காதைத் தீட்ட வேண்டியதில்லை, எதையும் தேட வேண்டியதில்லை. மறைந்திருந்தது எல்லாம் வெளியே வந்து வரிசையில் நின்று தன்னைக் காட்டிக்கொள்கிறது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மூழ்குதல்.

மூழ்கியவனுக்குக் காது அடைத்துப்போகும். கேட்பதற்கு ஒரு எதிர்நிலை வேண்டும். கச்சேரியில் நாம் மிருதங்கக்காரருக்கும் வயலின்காரருக்கும் நடுவில் போய் உட்காருவதில்லை, முன்னால் உட்காருகிறோம். கலைஞன் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். நடுவில் உள்ள தூரத்தைக் கடக்கும் வேலை நம்முடையது. மோனோத் தட்டு அந்த வேலையைக் கேட்கிறது. ஒரே புள்ளியிலிருந்து எல்லாம் வருகிறது. உள்ளே எத்தனை இருக்கிறது என்று முதல் தடவை தெரியாது. பத்தாவது தடவை, பின்னால் ஒரு வாத்தியம் தயங்குவது தெரியும். அது அக்கார்டியனா என்று தெரியாமலே போகலாம். தெரியாமல் போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தெரியாமையும் அந்தப் பாட்டில் எழுதப்பட்ட ஒன்றுதான்.

நம் இலக்கியச் சூழலில் வாசகனை நடுநாற்காலியில் உட்கார்த்தி வைக்கும் வேலை எப்போதோ தொடங்கிவிட்டது. 'கதைக்குள் அப்படியே இழுத்துக்கொண்டு போகிறது' என்பது இன்று பாராட்டாக எழுதப்படுகிறது. கவிதைக்குப் பக்கத்திலேயே அதன் விளக்கம், விளக்கத்துக்குப் பக்கத்தில் கவிஞனின் நேர்காணல், அந்த வரி எந்தச் சம்பவத்திலிருந்து வந்தது என்ற தகவல். அடர்த்தியாக இருந்தது எல்லாம் பிரித்துப் பரப்பப்படுகிறது. இதைக் கண்டித்துப் பக்கம் பக்கமாக எழுதிய அதே நண்பர்கள், ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் பரவசமாகிவிடுகிறார்கள். ஒரு புலனில் தூங்குகிற பிரக்ஞை இன்னொரு புலனில் விழித்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

யாரும் அட்மாஸில் கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டு காரியங்களை மட்டும் கோருகிறேன். வெளியிடுகிறவர்கள் மறுகலவையை அதன் சொந்தப் பெயரில், கலவை செய்தவரின் பெயரோடும் வருஷத்தோடும் வெளியிடட்டும். 1966ஆம் வருஷத்துத் தட்டை அதன் இடத்திலேயே விட்டுவைக்கட்டும். அடுத்தது நமக்கு. ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவன் எந்தக் கலவையைக் கேட்டேன் என்பதை முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும். உ.வே. சாமிநாதையர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்த மொழியில் எழுதுகிறோம். எந்தப் பாடம் என்று சொல்லாமல் ஒரு வரியையும் மேற்கோள் காட்டாத நாம், எந்தக் கலவை என்று சொல்லாமல் ஒரு பாட்டின்மீது தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். பெட்டியைத் திறந்துவிட்டார்கள் என்று சொன்ன நண்பர் மோனோத் தட்டை இன்னும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு எழுதினால், அதை இந்தப் பக்கங்களிலேயே வெளியிட வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.